இடைகழியில் நிற்பவர்கள்

வெளிநாட்டு வாழ்வைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று வியப்பு: சாலைகள், நூலகங்கள், வரிசையில் பொறுமையாக நிற்கும் மனிதர்கள், பனி. மற்றொன்று ஏக்கம்: அம்மாவின் சமையல், ஊர்த் திருவிழா, மார்கழிக் கோலம். இவ்விரண்டுக்கும் நடுவே, அயல்நாட்டில் வாழும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டாண்டுக்கு ஒரு முறையோ கடந்தே தீர வேண்டிய ஒரு கதவு இருக்கிறது. விசா நீட்டிப்பு என்று அதற்குப் பெயர். அக்கதவின் முன்னே காத்திருக்கும் நாட்களைப் பற்றி எழுதியவர்கள் நம்மிடையே குறைவு, பேசுகிறவர்கள் நிறைய. விடுமுறையில் ஊர் வந்தவர்களோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் பேச்சு அங்கே வந்து சேர்ந்துவிடும். “அங்கேயும் காசுதாங்க” என்பார்கள்.

இந்த ‘அங்கேயும்’ என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அதில் ஒரு கசப்பும் ஓர் ஆறுதலும் சேர்ந்தே இருக்கின்றன. இங்கே கொடுத்துப் பழகியவன் அங்கேயும் கொடுக்கிறான். ஆகவே உலகமே இப்படித்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறான். அந்தத் தேறுதல் பிழையானது. அயலானிடம் வாங்கப்படும் கையூட்டுக்குத் தனியானதோர் இலக்கணம் உண்டு. அந்த இலக்கணத்தை வெளிநாடு சென்று வெறுக்கும் நாம், உள்ளூரில் அதையே பொறுத்துக்கொண்டும் வருகிறோம். இக்கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

நாம் இதைத் திருக்கோவிலூரிலிருந்து எழுதுகிறோம். தென்பெண்ணைக் கரையிலுள்ள இவ்வூரை வைணவர்கள் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த தலமாக அறிவார்கள். மழை கொட்டும் இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார். பூதத்தாழ்வார் வந்தபோது இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வாரும் வந்து சேர்ந்தபோது மூவரும் நின்றார்கள். நான்காமவராக ஒருவர் நெருக்குவதை உணர்ந்து இறைவனைக் கண்டார்கள் என்பது மரபு. இவ்வூர்ப் பெருமாளைத் தேஹளீசன் என்றே வேதாந்த தேசிகர் துதித்தார். தேஹளி என்றால் வாசல்நடை. இடைகழி என்பது தெருவில் சேராது, கூடத்திலும் சேராது. வாசலைத் தாண்டியாயிற்று, ஆனால் உள்ளே வரச்சொல்லி இன்னும் யாரும் அழைக்கவில்லை. விசாவில் வாழ்பவனின் முகவரியை இதைவிடச் சரியாகச் சொல்ல நம்மால் இயலாது.

அதே ஊரில் ஆற்றிடையே கபிலர் குன்று நிற்கிறது. பாரி மாண்ட பிறகு அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் அரசர்களிடம் அலைந்த கதையைப் புறநானூறு வாசித்தவர்கள் அறிவார்கள். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர் பாடியவை 200 முதல் 202 வரையுள்ள பாட்டுகள். அவற்றைப் பாரியின் புகழுக்காகவும் கபிலரின் நட்புக்காகவும் படித்து வந்திருக்கிறோம். விண்ணப்பமாகவும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். இவர்கள் யார், இவர்களின் தந்தை யார், அழைத்து வந்த நான் யார், எனக்கும் இவர்களுக்கும் உறவு என்ன, நான் கேட்பது என்ன என்று இன்றைய குடிவரவுப் படிவத்தில் உள்ள கேள்விகளுக்கெல்லாம் அங்கே விடை இருக்கிறது. பொறுப்பேற்பவரின் உறுதிமொழிகூட இருக்கிறது. இருவரும் ஏற்கவில்லை. இருங்கோவேளை நோக்கிய கடைசிப் பாட்டில் ஒலிப்பது விண்ணப்பம் மறுக்கப்பட்டவரின் சினம். இராசராச சோழன் காலத்து வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு, பாரியின் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்ததாகச் சொல்கிறது. தமக்கென்று எதையும் கேளாமல், அழைத்து வந்தவர்களுக்கு ஓர் இடம் உறுதியான பிறகே அந்தப் புலவர் விடைபெற்றார் என்பது இவ்வூர் நினைவில் தங்கியுள்ள செய்தி.

இன்று இவ்வட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்பவர்களின் காகிதங்கள் எப்படி அசைகின்றன என்று பார்ப்போம். திருக்கோவிலூர் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது; பிறகு விழுப்புரத்தில்; 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சியில். ஊர் ஆற்றங்கரையை விட்டு ஓர் அடி நகரவில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாவட்டமும் கடவுச்சீட்டில் மற்றொன்றும் ஆதாரில் வேறொன்றும் வைத்திருப்பவன், தான் ஒரே ஆள்தான் என்று மேசை மேசையாக மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. பெயரின் தொல்லை தனி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான் உண்டு. ‘மு’ என்பது ஓரிடத்தில் முருகேசனாக விரியும். மற்றோரிடத்தில் ஒற்றை எழுத்தாகவே நிற்கும். அயல்நாட்டுப் படிவம் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று கொண்டு மகனை முருகேசன் என்றே அழைக்கும். இப்படிப்பட்ட ஒவ்வொரு முரண்பாடும் ஒரு மேசையில் கேள்வியாகிறது. அங்கே ஐந்நூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோ அதற்கு விடையாகிறது.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர்கள் அரசின் ஒப்புதல் பெற வேண்டும். ஏமாற்றப்படுபவர்களைக் காக்கவே இந்த ஏற்பாடு. பதிவு பெற்ற முகவர் ஒருவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் விதி. பயணம் சென்று வந்தவர்களிடம் இந்தத் தொகையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நகையை அடகு வைத்தும் நிலத்தின் மீது கடன் வாங்கியும் அவர்கள் கொடுத்தது அதைப் போலச் சில மடங்கு. கொடுத்ததற்கு ரசீதும் இல்லை. ஆக, வெளிநாட்டுக் குடிவரவு மேசையை எட்டுவதற்கு முன்னரே இவனுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. விதியில் உள்ள கட்டணம் ஒன்று, வேலை நடக்கும் கட்டணம் வேறொன்று என்பதே அந்தப் பாடம்.

மீதிப் பாடம் அங்கே போனபின் கிடைக்கிறது. சவூதி அரேபியாவில் ‘ஃப்ரீ விசா’ என்று நம்மவர்கள் சொல்லும் ஒன்று உண்டு. அதன் பெயருக்கும் அதன் இயல்புக்கும் தொடர்பே இல்லை. தாளில் ஒருவர் கஃபீல், அதாவது பொறுப்பாளர். உண்மையில் வேலை வேறெங்கோ. இக்காமாவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கஃபீலுக்குப் பணம் கட்ட வேண்டும். அவர் கோபித்துக்கொண்டு ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், பத்தாண்டு உழைத்தவன் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பானவன் ஆகிறான். 2013இல் சவூதி அரசு நிதாகத் விதிகளைக் கடுமையாக்கிச் சோதனையில் இறங்கியபோது, இந்தியர்கள் பெருந்தொகையாக ஆவணங்களைச் சரிசெய்யவும் ஊர் திரும்பவும் நேர்ந்தது. அவர்களுள் பலரைச் சட்டம் மீறியவர்கள் என்று சொல்வதைவிட, சட்டத்தை மீறும் உரிமையைப் பிறரிடம் விலைக்கு வாங்கி, விற்றவருக்குப் பதிலாகத் தண்டனை பெற்றவர்கள் என்று சொல்வதே பொருந்தும்.

கையூட்டுக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரு செல்லப் பெயர் இருக்கிறது. மலேசியாவில் அது காப்பிக் காசு. கென்யாவில் ‘சாய்’, அதாவது தேநீர். நம் ஊரில் டீ செலவு. நாம் அன்றாடம் சொல்லும் ‘மாமூல்’ அரபியிலிருந்து வந்த சொல். வழக்கமானது என்று பொருள். அரபு நாடுகளில் பணத்தைவிட வலிமையானது ‘வாஸ்தா’, வேண்டியவர் மூலம் வரும் சிபாரிசு. குடிப்பதற்கு ஏதோ கொஞ்சம், வழக்கமானதுதான், தெரிந்தவர்தான் என்று கொடுமையைச் சின்னதாக்கிக் காட்டும் முயற்சி எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவாக இருக்கிறது. 2020இல் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் போலிக் குடிநுழைவு முத்திரை விவகாரத்தில் அதிகாரிகள் பலரைக் கைது செய்தபோது வெளிப்பட்டது காப்பி அளவிலான பணமில்லை. அயல்நாட்டார் தங்கும் காலமே அங்கே சரக்காகியிருந்தது.

ஆனால் உள்ளூர்க்காரன் கொடுப்பதற்கும் அயலான் கொடுப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டா மாற்றத்துக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைபவனுக்கு ஆத்திரம் வந்தால், கொடுக்க மாட்டேன் என்று திரும்பி வரலாம். ஆறு மாதம் கழித்து மீண்டும் போகலாம். ஊரில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம். லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதலாம். அடுத்த தேர்தலில் வாக்கை மாற்றிப் போடலாம். நிலம் எங்கும் ஓடிவிடாது. விசா நீட்டிப்புக்கு நிற்பவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. முதலாவதாக, அவனுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாள் கடந்தால், முறையிட வந்தவனே குற்றவாளியாகிவிடுவான். இரண்டாவதாக, மறுப்பதும் ஏற்பதும் ஓர் அதிகாரியின் மனத்தில் இருக்கிறது. காரணம் சொல்லும் கடமை பெரும்பாலும் அவருக்கு இல்லை. மூன்றாவதாக, அவனுக்கு அந்த நாட்டின் மொழி தெரியாது. நான்காவதாக, அவனுக்கு வாக்கு கிடையாது. ஆகவே எந்த அரசியல்வாதிக்கும் அவன் தேவைப்படுவதில்லை. இந்நான்கும் ஒருங்கே கூடும் இடத்தில் கையூட்டு முளைப்பதற்கு அதிகாரி தீயவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நல்லவரும் நாளடைவில் அதற்குப் பழகிவிடுவார்.

இதில் வேலை செய்யும் கணக்கு எளிமையானது. அமீரகத்தில் விசா காலம் கடந்து தங்குபவருக்கு நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். ஒரு மாதத்துக்கு 1,500 திர்ஹம் ஆகிறது. கட்டட வேலைக்குப் போன பலருக்கு மாதச் சம்பளமே அதை எட்டுவதில்லை. அந்த நிலையில், ‘முந்நூறு கொடு, நாளைக்கே முடித்துத் தருகிறேன்’ என்று வரும் தரகர் கொள்ளைக்காரராகத் தெரியமாட்டார். கை கொடுக்க வந்தவராகத் தெரிவார். தாமதத்தின் செலவு முழுவதையும் காத்திருப்பவன் தலையில் கட்டிவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் பேரவலிமையைக் கூட்டிக்கொண்டே போகும். கொடுத்தவனைக் கோழை என்று ஏசுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஏசட்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இதை அறிந்ததாகத் தெரியவில்லை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது, கையூட்டுக் கொடுப்பவரும் குற்றவாளி என்றாயிற்று. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்கு உண்டு. கொள்கை அளவில் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து நாளில் விசா முடியவிருக்கும் ஒருவர், தன் கோப்பைக் கையில் வைத்திருக்கும் அலுவலகத்தின் மீது ஏழு நாளில் புகார் எழுதுவார் என்று எதிர்பார்ப்பவர்கள், தம் வாழ்நாளில் எந்த மேசையின் முன்னும் அஞ்சி நின்றறியாதவர்களாக இருக்க வேண்டும்.

‘அதெல்லாம் மனித இயல்பு, மாறாது’ என்பவர்களுக்கு நம் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தென்னார்க்காட்டிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போனவர்கள் கங்காணிகளின் கடனில் கட்டுண்டிருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒரு காகிதம் இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. துண்டு வாங்க வேண்டுமானால் கடன் அடைய வேண்டும். அதை அடைக்கப் புதிய தோட்டத்தில் இன்னொரு கடன். ஆள் கைமாறும்போதெல்லாம் கங்காணிக்குப் பங்கு. இந்த முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. கங்காணிகள் திடீரென்று அறம் கற்றுக்கொள்ளவில்லை. ஒருவனின் வாழ்வு முழுவதையும் ஒரு துண்டுச் சீட்டில் தொங்கவிடும் அதிகாரத்தைச் சட்டம் பிடுங்கிக்கொண்டது. வறுமையும் கடனும் அதன் பிறகும் இருந்தன. ஆயினும் விலை பேச அந்தச் சீட்டு இல்லாமற்போயிற்று.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து அதே கதை வளைகுடாவில் நடந்தது. கத்தாரில் முதலாளியின் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேற முடியாது என்ற விதி, பெரும்பாலான தொழிலாளர்களுக்கு 2018இல் நீக்கப்பட்டது. முதலாளியிடம் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கினால்தான் வேறு வேலைக்கு மாறலாம் என்ற விதி 2020இல் நீங்கியது. உலகக் கால்பந்துப் போட்டிக்காகத் திரும்பிய உலகத்தின் கண்களும் தொழிலாளர் அமைப்புகளின் இடைவிடாத வற்புறுத்தலும் அதற்குக் காரணங்கள். நடைமுறையில் இன்னமும் எத்தனையோ ஓட்டைகள். ஆனாலும் துண்டு, ஆட்சேபணையில்லாச் சான்று என்ற இரண்டு காகிதங்களும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பதையும், இரண்டையும் சட்டத்தால் ஒழிக்க முடிந்தது என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரைச் சிலர் எதிர்ச்சான்றாகக் காட்டக்கூடும். ஊழல் விசாரணைப் பிரிவு அங்கே 1952 முதல் இருக்கிறது. அனுமதிச்சீட்டைப் புதுப்பிக்க அதிகாரிக்குக் காசு நீட்டும் துணிச்சல் யாருக்கும் வராது. உண்மைதான். ஆனால் தொழிலாளரின் அனுமதிச்சீட்டு முதலாளியோடு பிணைக்கப்பட்டிருக்கும் இடத்தில், கேட்கும் கை அலுவலகத்திலிருந்து விலகி வேறிடத்தில் முளைக்கிறது. சீட்டைப் புதுப்பித்துத் தருவதற்காகச் சம்பளத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கும் முதலாளிகள் மீது அந்நாட்டு அரசே வழக்குத் தொடுத்து வருகிறது. அதிகாரியைத் தூய்மைப்படுத்துவது பாதி வேலைதான். தொங்கவிடும் கயிற்றை அறுப்பது மறுபாதி.

இனி நம் பக்கம் திரும்புவோம். நம் ஊரும் அயலாரை அறியாத ஊரன்று. பிரான்சின் பிரிட்டானி பகுதியில் 1910இல் பிறந்த ஆன்றி லெ சோ என்ற துறவி 1948இல் தமிழகம் வந்தார். 1950இல் குளித்தலை அருகே சாந்திவனம் ஆசிரமத்தை ஜூல் மொன்ஷனென் என்ற மற்றொரு பிரெஞ்சுத் துறவியோடு சேர்ந்து நிறுவினார். அபிஷிக்தானந்தர் என்ற பெயர் பூண்ட அவர் 1955இன் இறுதியில் திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைக் கண்டு, மறு ஆண்டு மீண்டும் வந்து தங்கினார். அந்த நாட்களைப் பற்றி நூலும் எழுதினார். 1960இல் இந்தியக் குடிமகனானார். அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள், காவியுடுத்துத் தமிழ் பேசியும், சட்டத்தின் கண்ணில் அவர் அயலார்தான். ஆன்மிக நூல்களில் அவருடைய காகிதங்களைப் பற்றி விரிவாகப் பேச மாட்டார்கள். எனினும் அகத்தில் எந்தக் கதவு திறந்தாலும், புறத்தே ஒரு பதிவேட்டில் பெயர் எழுதிக் கையொப்பமிடாமல் எந்த அயல்நாட்டாரும் இந்த மண்ணில் வாழ முடிந்ததில்லை.

இன்று திருவண்ணாமலைக்கும் ஆரோவில்லுக்கும் வந்து ஆண்டுக்கணக்கில் தங்குபவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். வீட்டில் தங்கவைத்தவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நூற்றெண்பது நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர்கள் 14 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். 2018இல் பதிவும் நீட்டிப்பும் இணையவழி ஆனபிறகு நேரில் அலைவது குறைந்தது. முகம் பார்த்துப் பேரம் பேசும் வாய்ப்பும் குறைந்தது. இது உண்மையான முன்னேற்றம். கடவுச்சீட்டு அலுவலகங்களிலும் இதையே கண்டோம். ஆனால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரு வரி கணினித் திரையில் வாரக்கணக்கில் நிற்கும்போது, பழைய இருக்கையின் மௌனம் புதிய உருவில் திரும்பிவிடுகிறது. படிவம் நிரப்பித் தரும் கடைக்காரரே ‘உள்ளே தெரிந்தவர் இருக்கிறார்’ என்று ஆரம்பிக்கிறார். பரிந்துரைக் கடிதத்தை ஒரே ஒருவரின் கையில் வைக்கும் ஏற்பாடுகள் வேறு. ஆரோவில்லில் 2021க்குப் பின் எழுந்த நிர்வாகப் பிணக்கில் விசாப் பரிந்துரை பெரும் வழக்காகிப்போனதை நாளேடுகள் வாசித்தவர்கள் அறிவார்கள். யார் பக்கம் நியாயம் என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. கருத்து வேறுபாட்டுக்கும் குடியிருப்பு உரிமைக்கும் நடுவே ஒரு கடிதம் நிற்பது நல்லதன்று என்று மட்டும் சொல்கிறோம்.

இவர்களாவது விரும்பி வந்தவர்கள். திரும்பிப் போக ஊர் உள்ளவர்கள். நம் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தின் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருப்பவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1983 தொடங்கி இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நம் மொழி பேசுகிறவர்கள். 2021 முதல் அவை மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கப்படுகின்றன. தமிழக அரசு வீடுகளும் கட்டித் தந்திருக்கிறது. ஆயினும் குடியுரிமைச் சட்டத்தின் சொல்லகராதியில் அவர்களுள் பலர் சட்டவிரோதக் குடியேறிகளாகவே இருந்து வந்தார்கள். 2019இன் திருத்தம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒருவர் பிறப்பாலேயே இந்தியர் என்பதை நிலைநாட்ட 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. 2025இல் வந்த குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டத்தையொட்டி, 2015 சனவரி 9ஆம் நாளுக்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தண்டனை இல்லை என்பது குடியுரிமை ஆகிவிடாது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இடைகழியில் நிற்பதற்குத்தான் அனுமதி.

துபாயில் கஃபீலிடம் பட்ட அவமானத்தைப் பற்றிக் கண் சிவக்கப் பேசும் நம்மவர்கள், முகாமிலிருந்து வெளியூர் போக அனுமதி கேட்டு நிற்பவரைப் பற்றியோ, தாயகம் திரும்பக்கூட வெளியேறும் அனுமதிக்குக் காத்திருப்பவரைப் பற்றியோ பேசி நாம் அதிகம் கேட்டதில்லை. இது தனிமனிதர்களின் கல்மனம் என்று நாம் நினைக்கவில்லை. மேசையின் இந்தப் பக்கம் நிற்கும்போது மட்டுமே மேசை நம் கண்ணுக்குத் தெரிகிறது. எனினும், உள்நாட்டில் இதைக் கேட்காதவன் வெளிநாட்டில் கேட்கும்போது அவன் குரலுக்கு வலுவிருக்காது. அவன் நீதியைக் கேட்கவில்லை, தனக்கொரு விலக்கைக் கேட்கிறான் என்றே அந்த நாட்டார் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு நாடு தன் எல்லைக்குள் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய அதற்கு உரிமை உண்டு. பாதுகாப்பு என்ற ஒன்றும் உண்டு. இதை நாம் மறுக்கவில்லை. இவ்வூரை ஆண்டவராகப் பெரியபுராணம் போற்றும் மெய்ப்பொருள் நாயனாரின் கதையையே அதற்குச் சான்றாகக் காட்டலாம். பகைவனான முத்தநாதன் அடியார் வேடத்தில், சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்தான். போலி ஆவணத்தை நம்பிய அரசர் உயிரிழந்தார் என்று பாதுகாப்புத் துறையினர் வாதிடலாம், வாதம் சரிதான். ஆனால் அக்கதையில் தத்தன் என்றொரு அலுவலனும் இருக்கிறான். அவன் வாளை ஓங்கினான். அரசர் தடுத்து, வந்தவனை இடையூறின்றி எல்லை சேர்க்கும்படி பணித்தார். வழியெங்கும் மக்கள் கொதித்து மறித்தார்கள். தத்தனின் மனமும் அவர்கள் பக்கமே இருந்திருக்கும். ஆயினும் ஆணைப்படி கொண்டுபோய் எல்லையில் விட்டுத் திரும்பிவந்து சொன்னான். நாயனாரின் பக்தியைப் போற்றிப் பேருரைகள் நிகழ்த்திவிட்டோம். தத்தனின் கடமையைப் பற்றியும் பேசலாம். தன் விருப்பு வெறுப்பு எதுவாயினும் அயலானிடத்தில் விதியின்படி மட்டுமே நடந்துகொள்பவன். அதற்கு மேல் அவன் நல்லவனாக இருக்கவேண்டும் என்றுகூட நாம் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட விதிகளுள் மூன்றை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம். ஒன்று: உரிய நாளில் கொடுக்கப்பட்ட விண்ணப்பம் அரசின் கையில் இருக்கும் நாட்களை, காத்திருப்பவன் கணக்கில் எழுதக் கூடாது, முடிவு வரும்வரை அவன் தங்கியிருப்பது சட்டப்படியானதே என்று அரசே எழுத்தில் தரவேண்டும். இரண்டு: மறுப்பு எதுவாயினும் காரணத்தோடு எழுத்தில் வரவேண்டும், மேல்முறையீட்டுக்கு வேறோர் அலுவலர் இருக்க வேண்டும். மூன்று: கையூட்டுக் கேட்கப்பட்டதாகப் புகார் தரும் அயல்நாட்டவரை, அந்தப் புகார் முடியும்வரை யாரும் வெளியேற்றக் கூடாது. இம்மூன்றையும் நாம் சவூதியிடமும் மலேசியாவிடமும் கேட்கிறோம் என்றால், தில்லியிடமும் சென்னையிடமும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

இலக்கிய இதழ்களை வாசிப்பவர்களிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்ற கேள்வி எழலாம். காகிதங்களின் கதையைச் சட்ட வல்லுநர்கள் எழுதுவார்கள். அக்காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உறங்கியவனின் இரவை இலக்கியம்தான் எழுத முடியும். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ ஓர் அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. மலையாளத்தில் பென்யாமின் எழுதிய ‘ஆடு ஜீவிதம்’, விமான நிலையத்தில் தவறான ஆளோடு போய்விட்ட ஒருவனின் கதை. நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், எழுதியவர்கள்தான் இல்லை. அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள், எந்தக் காகிதத்துக்காக, எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்க யாராவது முன்வர வேண்டும். புகழுரையும் புலம்பலும் வேண்டாம். தேதியும் தொகையும் போதும். அந்தக் குறிப்பேட்டில் ரியாத்திலிருந்து வந்தவரின் பக்கத்துக்கு அடுத்த பக்கம் கீழ்ப்புத்துப்பட்டில் இருப்பவருக்கு ஒதுக்கப்பட வேண்டும்.